செட்டிநாட்டில் நாய், பூனை வளர்க்கப் போகிறீர்களா? முதல் ஊசி முதல் கடைசி நாள் வரை

செட்டிநாட்டுப் பக்கம் நாயோ பூனையோ வளர்க்க நினைப்பவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது தூரம். ராத்திரி பத்து மணிக்கு மேல் நாய் ரத்தமாக வாந்தி எடுத்தால் தட்டுவதற்கு இங்கே கதவு கிடைப்பது கஷ்டம். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ இருந்தால் வண்டி பிடிக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஊரில் நோய் வந்த பிறகு செய்துகொள்ளலாம் என்று விடுகிற வேலைகளை, இங்கே நோய் வருவதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒரு நாட்டு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. எந்த ஊசி எப்போது, எந்தத் தாள் எதற்கு, எவ்வளவு செலவாகும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லாமல் பலரிடம் கேட்டு, அலைந்துதான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன். அதே அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். விலைகள் எல்லாம் நான் கொடுத்ததையும் தெரிந்தவர்கள் கொடுத்ததையும் வைத்துச் சொல்வது. டாக்டருக்கு டாக்டர் மாறும்.

1. குட்டி வருவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்

நம் ஊரில் எல்லாரும் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு கால்நடை மருந்தகத்தில் நாய், பூனையும் பார்ப்பார்கள். செலவு மிகக் குறைவு. காலையில் போவதுதான் நல்லது. மதியம் மூடிவிட்டு மாலையில் கொஞ்ச நேரம்தான் இருப்பார்கள். டாக்டர் கிராமத்து முகாமுக்குப் போயிருக்கலாம் என்பதால் போன் செய்துவிட்டுப் போங்கள். வெறிநோய் ஊசி, குடற்பூச்சி மருந்து, காயத்துக்குக் கட்டு ஆகியவற்றுக்கு இதுவே போதும். மற்ற தடுப்பூசிகளை பெரும்பாலும் வெளியில் வாங்கித் தரச் சொல்வார்கள்.

தனியார் கிளினிக்கில் பார்ப்பதற்கு 200 முதல் 500 ரூபாய். ஸ்கேன், எக்ஸ்ரே, பெரிய ஆபரேஷன் என்றால் மதுரை, திருச்சி. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சிக்கலான கேஸ்களுக்கு அங்கே போகலாம்.

ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்: உள்ளூர் டாக்டர் எண், வெளியூர் கிளினிக் எண், நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஒரு கார்க்காரர் எண். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். வாந்தி எடுக்கும் நாயை வண்டியில் ஏற்ற எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முன்கூட்டியே பேசி வையுங்கள். 1962 என்ற எண் கால்நடை ஆம்புலன்ஸுக்கானது. ஆடு மாடுகளுக்காகத்தான் அதிகம் ஓடுகிறது என்றாலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. எந்தக் குட்டி, எந்த வயதில்

எட்டு வாரம் ஆகாத நாய்க்குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளே சொல்கின்றன. "முப்பது நாள் ஆச்சு, தானா சாப்பிடுது" என்று கூடையில் வைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். தாயையும் கூடப்பிறந்தவற்றையும் சீக்கிரம் பிரிந்த குட்டி பின்னால் அதிகம் கடிக்கும், அதிகம் பயப்படும். விற்பவரிடம் மாநில விலங்கு நல வாரியப் பதிவு எண்ணையும், போட்ட ஊசிகளின் அட்டையையும் கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

இந்த வெயிலுக்கு பக், ஷிட்சூ, பாரசீகப் பூனை மாதிரி மூக்கு சப்பையானவை வேண்டாம். ஹஸ்கி வேண்டவே வேண்டாம். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வெயில் தாங்கும். ஆனால் தினமும் ஓட இடம் வேண்டும். ராஜபாளையம் குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள், அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. என்னைக் கேட்டால் தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியைத்தான் சொல்வேன். இந்த மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகிய உடம்பு.

3. வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்

முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில் என்று இருக்கும் வீடுகளில் நாய் காணாமல் போவது பெரும்பாலும் பின்வாசல் வழியாகத்தான். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று வீட்டில் விசேஷம் வந்தால் பத்துப் பேர் பத்து கதவைத் திறந்து வைப்பார்கள். அன்று நாய்க்கு ஓர் அறை ஒதுக்கிப் பூட்டுங்கள். கழுத்துப்பட்டையில் போன் எண் எப்போதும் இருக்கட்டும்.

கிணற்றுக்கு வலை போடுங்கள். பூனைக்குட்டி கைப்பிடிச் சுவரில் ஏறி விளையாடும். வளவுக்கு (வீட்டு நடுவில் உள்ள திறந்த முற்றம்) மேலே கம்பி இருந்தாலும் பூனை நுழைகிற இடைவெளி இருக்கும். அதன் வழியே கூரைக்கு ஏறி ஓட்டுக்கு ஓடு தாவிப் போய்விடும். கருத்தடை செய்யும் வரை அங்கே கொசுவலைக் கம்பி கட்டிவிடுவது நல்லது.

அப்புறம் பினாயில். பூனை தரையில் நடந்து பாதத்தை நக்கும். ஃபீனால் கலந்த திரவங்கள் பூனைக்கு விஷம். ஆத்தங்குடிக் கல்லுக்கு வெறும் தண்ணீரே போதும்.

எலி மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போது பெருச்சாளிக்கு மருந்து வைப்பது இங்கே வழக்கம். கடையில் கிடைக்கும் கேக் மருந்துகள் பல ரத்தம் உறைவதைத் தடுப்பவை. நாய் தின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நாலு நாள் கழித்து ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். இதற்கு வைட்டமின் கே1 என்று மாற்று மருந்து உண்டு. தின்ற அன்றே கொண்டுபோனால் பிழைக்கும். மருந்தின் அட்டையைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

4. ஊசியும் பூச்சி மருந்தும்

நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி. பார்வோ, டிஸ்டம்பர் என்ற இரண்டு கொடிய வைரஸ் நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி இது. அதிலிருந்து 3–4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் நிரம்பும் வரை. "ரெண்டு போட்டாச்சு, போதும்" என்று நிறுத்துவதுதான் இங்கே நான் அதிகம் பார்க்கும் தவறு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும் வரை ஊசி சரியாக வேலை செய்யாது; அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 16 வாரத்துக்குப் பிறகான அந்தக் கடைசி ஊசி முக்கியம். வெறிநோய் ஊசி 12 வாரத்தில். எல்லாமே ஒரு வருடம் கழித்து மறுபடி ஒரு முறை. அதன்பின் வெறிநோய் ஊசியும் எலிக்காய்ச்சல் ஊசியும் வருடாவருடம்.

பூனைக்கு 8 வாரத்தில் தொடங்கி அதே இடைவெளி, அதே 16 வாரக் கணக்கு. 12 வாரத்தில் வெறிநோய் ஊசி. வீட்டை விட்டே போகாத பூனைக்கும் வேண்டும். வளவில் வௌவால் வந்து விழுகிற வீடுகள் நம்முடையவை.

கூட்டு ஊசி ஒன்றுக்கு 500 முதல் 900 ரூபாய், பூனை ஊசி கொஞ்சம் கூடுதல். வெறிநோய் ஊசி தனியாரிடம் 150 முதல் 350. ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டி கால்நடைத் துறை இலவச வெறிநோய் ஊசி முகாம் நடத்துவது வழக்கம்.

மருந்துக் கடையில் ஊசி மருந்து வாங்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது வீண்செலவு. அது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் வைத்த தெர்மாஸ் இல்லாமல் வாங்காதீர்கள். ராத்திரி கரண்ட் இல்லாமல் கிடந்த ஃபிரிட்ஜாக இருந்தால் அந்தக் கடையே வேண்டாம்.

ஊசிகள் முடியும் வரை குட்டியைத் தெருவில் இறக்கி விடாதீர்கள். ஆனால் வீட்டுக்குள்ளேயே அடைத்து வைப்பதும் தவறு. கையில் தூக்கிக்கொண்டு திண்ணையில் உட்காருங்கள். ஆட்டோ, மேளச் சத்தம், வேட்டி கட்டியவர், ஹெல்மெட் போட்டவர் எல்லாவற்றையும் பார்க்கட்டும். மூன்றரை மாதத்துக்குள் பார்க்காததைக் கண்டு பின்னால் மிரளும்.

பூச்சி மருந்து: பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு மாதம் வரை. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அளவு எடையைப் பொறுத்தது. முதலில் நீங்கள் மட்டும் எடைமெஷினில் ஏறி, பிறகு குட்டியோடு ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள்.

5. ஒரு கோப்பு

ஊசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர், தேதி, டாக்டர் கையெழுத்து, பதிவு எண், முத்திரை ஐந்தும் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத அட்டையை ரயில்வேயிலும் நாய் விடுதியிலும் திருப்பிவிடுவார்கள். ஊசி போட்டு முடித்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள். ஒரு வருடம் கழித்துப் போனால் புட்டி கிடைக்காது. கூடவே ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஆபரேஷன் சீட்டு, முன்பக்கமும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு போட்டோ. எல்லாவற்றையும் போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

நாய்க்கு உரிமம் வேண்டுமா என்பதை உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்: காரைக்குடி என்றால் மாநகராட்சி, தேவகோட்டை என்றால் நகராட்சி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்றால் பேரூராட்சி. போகும்போது வெறிநோய் ஊசிச் சான்று, ஆதார் நகல், வீட்டு வரி ரசீது, நாயின் போட்டோ கையில் இருந்தால் இரண்டாம் முறை போக வேண்டியிருக்காது.

6. சாப்பாடு

நம் அடுப்படியில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத குழம்பு கிடையாது. இரண்டுமே நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் மோசம். மீந்த குழம்பு பிசைந்த சோறு வேண்டாம். கறியை மசாலா சேர்க்கும் முன் ஒரு பங்கு எடுத்து, உப்பில்லாமல் தனியாக வேக வைத்துச் சோற்றோடு பிசையுங்கள். சோறு குறைவாகவும் கறி அல்லது முட்டை கூடுதலாகவும் இருக்கட்டும். வெந்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். பாயசத்து உலர்திராட்சையும் நாய்க்கு ஆகாது, சிறுநீரகம் பழுதாகும். சாக்லேட் கொடுக்கவே கூடாது.

பூனையைத் தயிர்ச் சோற்றில் வளர்க்க முடியாது. டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். கார்த்திகை, சஷ்டி, பழனி விரதம் என்று அடுப்படியில் கவுச்சி சேராத நாட்களுக்குப் பூனை உணவு ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள். பூனை உணவில் டாரின் சேர்த்திருப்பார்கள், நாய் உணவில் அது பூனைக்குப் போதாது. பால் கட்டாயமில்லை. பல பூனைகளுக்கு வயிறு போகும்.

7. உண்ணி: இங்கே இதுதான் பெரிய எதிரி

செட்டிநாட்டில் நாய்களை அதிகம் கொல்வது எது என்று கேட்டால் உண்ணிக் காய்ச்சலைத்தான் சொல்வேன். பழுப்பு உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை. ரத்தம் குடித்து உப்பியதும் இறங்கி, சுவரில் ஏறி, விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நம் வீடுகளில் தேக்குத் தூண் கல் பீடத்தில் உட்காரும் இடுக்கு, நிலைப்படியின் சித்திர வேலைப்பாட்டுப் பள்ளம், சுண்ணாம்பு உதிர்ந்த மூலை என்று அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. டார்ச்சை அடித்து, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை தூண்களைச் சுற்றிப் பாருங்கள். கடுகளவு பழுப்புப் புள்ளிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தால் அதுதான்.

நாயைக் குளிப்பாட்டி உண்ணியைக் கையால் பிடுங்கிப் போடுவதால் இது தீராது. டாக்டரிடம் எடையைச் சொல்லி உண்ணி மாத்திரை கேளுங்கள். மாதம் ஒன்று கொடுப்பது உண்டு, 12 வாரம் தாங்குவதும் உண்டு. நடுத்தர எடை நாய்க்கு மாத மாத்திரை 600 முதல் 1000 ரூபாய் ஆகும். உண்ணிக் காய்ச்சலுக்கு ஆகும் செலவோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமில்லை. வலிப்பு வந்த நாயாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரிசல்களைச் சுண்ணாம்புப் பூச்சு வைத்து அடைத்து, படுக்கைத் துணியை வாரம் ஒரு முறை கொதிநீரில் போடுங்கள். நாய்க்கு மாத்திரை, வீட்டில் இந்த வேலை இரண்டையும் மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் குறையும்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவவே கூடாது. பெர்மெத்ரின், அமிட்ராஸ் இரண்டும் பூனையைக் கொன்றுவிடும். அவற்றைத் தடவிய நாயோடு பூனை ஒட்டிப் படுத்தாலும் ஆபத்துதான்.

அறிகுறி என்ன? சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் போகும். காய்ச்சல் அடிக்கும். ஈறு வெளிறும். சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம். இரண்டாவது நாளுக்காகக் காத்திருக்காமல் ரத்தம் எடுங்கள். ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் ரத்தப் பூச்சும் (கண்ணாடியில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி பரப்பும் நோய்கள் ஒன்றுக்கு மேல் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அவற்றில் ஒன்றான எர்லிக்கியா என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, பொதுவாக 28 நாள். ஐந்தாம் நாளே நாய் எழுந்து ஓடும், சாப்பிடும். அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள்; இரண்டு மாதத்தில் நோய் திரும்பி வரும்போது எலும்பு மஜ்ஜை வரை போயிருக்கும். 28 நாளும் சோற்றோடு கொடுங்கள்.

8. கருத்தடை

பெண் பூனை நாலு மாதத்திலேயே சினைக்கு வந்துவிடலாம். ஐந்து மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். நாய்க்கு ஆறு மாதத்துக்கு மேல். பெரிய இனங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, டாக்டர் சொல்லும்போது. "ஒரு ஈத்து போடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். முதல் பருவத்துக்கு முன் செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பு மிகவும் குறையும். செய்யாமல் விட்ட பெண் நாய்களுக்கு நடுவயதுக்குப் பிறகு கர்ப்பப்பையில் சீழ் வைப்பது சாதாரணம். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் அதிகம் தண்ணீர் குடித்து, சோர்ந்து, வாந்தி எடுத்தால் அதே நாளில் கொண்டு போங்கள்.

தனியாரிடம் பெண் நாய்க்கு 5,000 முதல் 10,000, பூனைக்கு 3,000 முதல் 6,000 ஆகலாம். முதல் நாள் ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் அன்று வெறும் வயிறு, சம்மதக் கையெழுத்து. கழுத்தில் மாட்டும் கூம்பைப் பத்து நாளாவது கழற்றாதீர்கள். பாவமாக இருக்கிறது என்று ஒரு ராத்திரி கழற்றினால் தையலைப் பிரித்துவிடும். சித்திரை, வைகாசியைத் தவிர்த்து, கார்த்திகைக்கு மேல் தேதி வாங்கினால் புண் ஆற வசதி.

9. வெயில், பாம்பு, கடி

கோடையில் காலை ஆறு மணிக்கு முன் நடை. தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் நாய்க்கும் சுடும். சாதாரண உடல்சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டி மூச்சிரைத்தால் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே வண்டி ஏற்றுங்கள்.

சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் நாயை அவிழ்த்து விடாதீர்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். விஷமுறிவு மருந்து கையில் இருக்கிறதா என்று டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் பாதை மாறி அலைய வேண்டாம்.

காய்ச்சல், வலி என்று மனிதர் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அரை பாராசிட்டமால் ஒரு பூனையைக் கொல்லும். ஆண் பூனை மண்ணில் மறுபடி மறுபடி உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால் மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம். அடைப்பாக இருந்தால் ஒரு நாள் தாண்டுவதே கஷ்டம்.

உங்களைக் கடித்தாலோ கீறினாலோ, வீட்டு விலங்காகவே இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய் வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள், ஊசி இலவசம். 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கை விடாதீர்கள்.

10. ஊருக்குப் போகும்போது

தை மாதம் பழனிக்கு நடக்கப் போகும் வீடுகள் கார்த்திகையிலேயே ஏற்பாடு செய்யுங்கள். பூனையை வீட்டிலேயே விட்டு, தினம் இரண்டு முறை வந்து பார்க்க ஆள் வைப்பது நல்லது. இடம் மாறினால் பூனை ஒடுங்கிவிடும். நாயை விடுதியில் விட நாளுக்கு 400 முதல் 800 ரூபாய். ஊசி அட்டை இல்லாமல் எடுக்கும் விடுதியில் விடாதீர்கள்.

ரயிலில் நாயை உங்களோடு வைத்துக்கொள்ள முதல் வகுப்பு ஏசியில் கூபேயோ (இருவர் அறை) கேபினோ (நால்வர் அறை) முழுவதும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். பல்லவன் மாதிரி உட்கார்ந்து போகும் வண்டியில் அது நடக்காது. கார்டு பெட்டியில் உள்ள நாய்ப்பெட்டிதான். கோடையில் அதில் அனுப்பாதீர்கள். பயணத்துக்கு முதல் நாள் வாங்கிய டாக்டர் தகுதிச் சான்று, ஊசி அட்டை, டிக்கெட், அடையாள அட்டையோடு பார்சல் அலுவலகத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் பிள்ளைகளோடு போய் இருக்கப்போகிறவர்கள் ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு), அதன் பிறகு வெறிநோய் ஊசி. வரிசை மாறினால் அந்த ஊசியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், மறுபடி போட வேண்டும்.

11. வயதான பிறகு

ஏழு வயதிலிருந்து வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. சிறுநீரகம், ஈரல், சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பூனை வழக்கத்தை விட அதிகம் தண்ணீர் குடித்து எடை குறைந்தால் சிறுநீரகமாக இருக்கலாம். வழவழப்பான தரையில் வயதான நாயின் பின்னங்கால் வழுக்கும். அது நடக்கும் வழியில் சணல் சாக்கோ பழைய ஜமக்காளமோ விரித்துவிடுங்கள். நம் வீடுகளின் உயர்ந்த படிக்கட்டுகள் அதற்கு முடியாது; சாய்வாக ஒரு பலகை போதும்.

எழுந்திருக்க முடியாமல், சாப்பிடாமல், வலியில் முனகிக்கொண்டே இருந்தால் கருணைக்கொலை பற்றி டாக்டரிடம் கேட்பது தப்பில்லை. முதலில் மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். அப்படிச் செய்வீர்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முடிந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கூடவே இருங்கள்.

சொந்த நிலத்தில் நாலடிக்குக் குறையாமல் தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்கலாம். கிணறு, ஊரணி, வரத்துக்கால் பக்கம் வேண்டாம். இறந்தது பார்வோவில் என்றால் அந்தக் கிருமி மாதக்கணக்கில் தரையில் இருக்கும். ஊசிகள் முடியாத புதுக் குட்டியை ஒரு வருடத்துக்குக் கொண்டுவராதீர்கள். எச்சில் வடித்து, குரல் மாறி, காரணமில்லாமல் கடித்து இறந்திருந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை டாக்டருக்குத் தகவல் சொல்லுங்கள். அதன் எச்சில் பட்ட எல்லாரும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.